ஐந்து வருட லீவும் ஐந்து நிமிட ராஜினாமாவும்

2022 ஜூன் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை, கேஸுக்கு மூன்று நாள் வரிசை. எமது பாடசாலையில் பாதிப்பேர் துவிச்சக்கர வண்டியில் வந்தார்கள், மீதிப்பேர் வரவே இல்லை. சம்பளம் கொடுக்கவே அரசாங்கம் திணறிய அந்த நாட்களில்தான் 14/2022 இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை வெளிவந்தது. அரச ஊழியர்கள் வெளிநாடு செல்லவோ, உள்நாட்டிலேயே வேறு அலுவல் பார்க்கவோ ஆகக்கூடியது ஐந்து வருடங்கள் சம்பளமற்ற விடுமுறை பெறலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்று அது சொன்னது. பின்னர் அதில் திருத்தங்களும் கட்டுப்பாடுகளும் வந்தன. ஆனால் ஆரம்பத்திலேயே விண்ணப்பித்துக் கட்டாருக்கும் சவூதிக்கும் மாலைதீவுக்கும் போனவர்களில் ஆசிரியர்கள் கணிசமானோர்.

அடுத்த வருடம் நடுப்பகுதியில் முதல் தொகுதியினரின் ஐந்து வருடம் முடிகிறது. இப்போதே ஆசிரியர் ஓய்வறைகளில் அதுதான் பேச்சு. திரும்பி வருபவர்களுக்குப் பழைய பாடசாலை கிடைக்குமா, இடையில் அந்த வெற்றிடத்துக்கு வந்தவரின் கதி என்ன, தரம் ஒன்றில் இவ்வருடம் தொடங்கிய புதிய கலைத்திட்டத்தை வந்தவுடன் எப்படிப் படிப்பிப்பார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். வலயக் கல்வி அலுவலகங்கள் இவற்றுக்கு இப்போதே பதில் தேட ஆரம்பிக்க வேண்டும்.

ஆனாலும் எனக்கு இவர்களைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. ஐந்து வருடம் வெளியே இருந்தாலும் இவர்கள் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. அதில் போன திகதியும் இருக்கிறது, திரும்ப வேண்டிய திகதியும் இருக்கிறது. என் கவலை, திரும்பி வரும் திகதி எழுதப்படாமல் போனவர்களைப் பற்றியது. எமது ஊர்களில் அப்படிப் போனவர்கள் பெண்கள்தான். அவர்கள் லீவில் போகவில்லை, ராஜினாமாச் செய்தார்கள். அல்லது படித்து முடித்துவிட்டு, நியமனக் கடிதம் வந்தும் போகாமல் விட்டார்கள்.

கலாசாலை விடுதியில் என்னுடன் ஒரே அறையில் இருந்த தோழி ஒருத்தி. கணிதம் படிப்பிப்பதில் எங்கள் அணியில் அவளுக்கு நிகர் யாருமில்லை. பின்னத்தை விளங்கப்படுத்த ரொட்டியைப் பிய்த்துக் காட்டும் ஆசிரியர்கள் பலர் உண்டு. இவள் அதே ரொட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, சண்டை வராமல் பங்கு வைக்கச் சொல்வாள். 2003இல் நியமனம் பெற்றவள், 2011இல் இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில் ராஜினாமாச் செய்தாள். பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கணவர் கட்டாரில். உம்மாவுக்குச் சீனி வருத்தம் முற்றி, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கவும் முடியாத நிலை. “உனக்கு என்ன குறை, விட்டுட்டுப் புள்ளைகளப் பாரு” என்று கணவர் தொலைபேசியில் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அனுப்பிய காசு அவளுடைய சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு.

அந்த ராஜினாமாக் கடிதத்தை எழுத்துப்பிழை பார்த்துத் திருத்திக் கொடுத்தவள் நான். நான்கே வரிகள். “தனிப்பட்ட காரணங்களினால்” என்று போடு, விளக்கம் தேவையில்லை என்று சொன்னதும் நான்தான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதிபர் பரிந்துரைத்து அனுப்பினார், வலயத்தில் ஏற்றுக்கொண்டார்கள். எட்டு வருடச் சேவை முடிந்தது, ஓய்வூதிய உரிமையும் அதோடு போனது.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பிள்ளை கிடைத்தபோதுதான் எனக்கே விசயம் தெரிந்தது. எமது பிரதி அதிபர் தாபனக்கோவையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்து மேசையில் வைத்து, “வாசியுங்க டீச்சர்” என்றார். முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். அது முடிந்தால் அரைச் சம்பளத்தில் 84 நாட்கள். அதுவும் முடிந்தால் சம்பளமில்லாமல் இன்னும் 84 நாட்கள். வார இறுதிகளையும் பாடசாலை விடுமுறையையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம். குழந்தை தவழ்ந்து சுவரைப் பிடித்து எழும்பும் பருவம் வந்துவிடும். என் தோழி அந்த மூன்றில் முதலாவதைக்கூட முழுதாக எடுக்கவில்லை. மற்ற இரண்டும் இருப்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடிதத்தைத் திருத்திய எனக்கும் தெரியாது. பரிந்துரைத்த அதிபருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலுக்கான சம்பளமற்ற விடுமுறைகூட 2022இல் திடீரென்று முளைத்ததல்ல, அதற்கு முன்னரும் இருந்ததுதான். ஆண்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. ஊரில் எத்தனை மாஸ்டர்மார் லீவு போட்டுவிட்டு வெளிநாடு போய் வந்து மறுபடியும் கையெழுத்துப் போட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ராஜினாமாச் செய்துவிட்டுப் போன ஆண் ஒருவரை எனக்கு ஞாபகம் வருவதில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். எமது பெண்கள் தொழிலை விட்டு நீண்ட காலம் விலகியிருப்பதைப் பற்றிப் பேசினால் உடனே மார்க்கம், கலாசாரம், பிள்ளை வளர்ப்பு என்று விவாதம் போய்விடுகிறது. விலகுவது பல வேளை தவிர்க்க முடியாதது, பிழையும் இல்லை. பிழை, விலகும் விதத்தில் இருக்கிறது. ஆண் விலகும்போது கதவைச் சாத்தாமல் போகிறான். பெண் விலகும்போது குடும்பமே சேர்ந்து கதவைப் பூட்டிச் சாவியை எறிந்துவிடுகிறது. பத்து, பதினைந்து வருடம் கழித்து அதே குடும்பத்துக்கு அவளுடைய உழைப்பு தேவைப்படும்போது சாவி இருப்பதில்லை.

தேவைப்படுகிறதா என்று சிலர் கேட்கலாம். நாட்டுக் கணக்கை முதலில் பார்ப்போம். தொழிற்படை மதிப்பீடுகளின்படி வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் தொழிற்படையில் இருக்கிறார்கள், பெண்களில் மூன்று பேர்தான். இத்தனைக்கும் ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறவர்களில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டோர் பெண்கள். ஒலுவில் வளாகத்துக்குப் போய் பட்டமளிப்பு விழாவைப் பார்த்தால் எமது பிள்ளைகளின் கதையும் அதுதான் என்று விளங்கும். படிக்கும் பெண்களுக்கும் உழைக்கும் பெண்களுக்கும் இடையில் இவ்வளவு பேர் எங்கே போகிறார்கள்? வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தாமாக விரும்பி இருக்கிறார்கள், எத்தனை பேர் வழி தெரியாமல் இருக்கிறார்கள் என்பதை எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது.

எமது சமூகத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அது வளைகுடாவின் கதை. எண்பதுகளிலிருந்து எமது வீடுகள் பலவற்றைக் கட்டியது வளைகுடாக் காசுதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அங்கே ஓய்வூதியம் கிடையாது. சேவை முடியும்போது ஒரு தொகை கொடுப்பார்கள். அது வீட்டின் மேல்மாடிக்கும் ஒரு மகளின் கலியாணத்துக்கும் காணும். அதற்குப் பிறகு ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் ஊருக்கு வருகிறவருக்கு மாதாமாதம் வருவதென்று எதுவும் இல்லை. கட்டாரிலிருந்து காசு வருகிறது என்ற காரணத்தால் விடப்பட்ட வேலைதான், கட்டார்க் காசு நின்றபின் அந்த வீட்டைத் தாங்கியிருக்க வேண்டிய வேலை. என் தோழியின் கணவர் கொரோனாக் காலத்தில் வேலை இழந்து வந்தவர். ஒரு சில்லறைக் கடை போட்டார், 2022 நெருக்கடி அதையும் விழுங்கியது. அவள் சேவையில் இருந்திருந்தால் இன்று இருபது வருடச் சேவைக்கு மேல். சம்பளத்தை விடுங்கள், அவளுடைய சம்பளச் சீட்டை வைத்து வங்கியில் ஒரு கடனாவது எடுத்திருக்கலாம்.

நபகா கணவனின் கடமைதானே, மனைவி ஏன் உழைக்க வேண்டும் என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம், அது கணவனின் கடமை. மனைவிக்கு அது உரிமை. அந்த உரிமையைக் காட்டி அவளுடைய இன்னொரு உரிமையைப் பறிப்பது எந்தக் கிதாபிலும் இல்லை. கணவனின் கடமை அவன் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் அந்த நிக்காஹ்வுக்குள்ளும் இருக்கும் வரைதான். காதி நீதிமன்றத்துக்கு வெளியே வாங்குகளில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தீர்ப்பான தாபரிப்புப் பணத்தில் எத்தனை மாதம் ஒழுங்காகக் கிடைத்தது என்று சொல்வார்கள்.

பெரும்பாலான பெண்கள் திரும்பவும் வேலை தேடும் தருணம் அதுதான். கணவர் மவுத்தாகி இத்தா முடிந்த பின்னர், அல்லது தலாக்குக்குப் பின்னர். இத்தா என்றவுடன் ஜாபிர் (ரழி) அவர்களின் தாயாருடைய சகோதரியின் சம்பவம் எனக்கு ஞாபகம் வரும். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்த அவர் தனது பேரீச்சை மரங்களில் அறுவடை செய்யப் போக நினைத்தார். ஒருவர் தடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட, நபியவர்கள் போய் அறுக்கும்படியும், அதிலிருந்து அவர் தர்மம் செய்யலாம், நல்லது செய்யலாம் என்றும் சொல்லி அனுமதித்தார்கள். இத்தாவின் சட்டங்களை உலமாக்கள் விளக்குவார்கள், அது என் வேலையல்ல. அந்தப் பெண்ணிடம் அறுக்கப் பேரீச்சை மரங்கள் இருந்தன என்பதைத்தான் நான் பார்க்கிறேன். விவாகரத்தான அன்று அவர் வெறுங்கையுடன் நிற்கவில்லை. அரச சேவையிலுள்ள முஸ்லிம் பெண்ணுக்கு இத்தாவுக்கென்று விசேட விடுமுறை இருக்கிறது, முடிந்தபின் அவள் தன் மேசைக்குத் திரும்பலாம். பதினைந்து வருடத்துக்கு முன் ராஜினாமாக் கொடுத்தவள் எந்த மேசைக்குத் திரும்புவாள்?

அரச சேவைக் கதவு அவளுக்கு ஏறத்தாழ மூடியதுதான். ஆசிரிய ஆட்சேர்ப்பு வர்த்தமானிகளில் வயதெல்லை பொதுவாக 35. பட்டதாரிகளுக்கு எப்போதாவது 40, 45 என்று தளர்த்துவார்கள். அதுவும் தேர்தல் காலத்தையும் போராட்டங்களையும் பொறுத்தது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்து ஒரு தாய்க்கு நேரம் கிடைக்கும் வயது எதுவென்று யோசித்தால், அது சரியாக இந்த எல்லையைத் தாண்டிய வயதாக இருக்கிறது. ஆசிரியர் சேவையில் பாதி நேர நியமனம் என்று ஒன்று இல்லை. ஒன்றில் முழுதாக உள்ளே, இல்லாவிட்டால் முழுதாக வெளியே. கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்று கூட்டங்களில் பேசுகிறோம். அதே பாடசாலையின் பின்வீதியில் பயிற்றப்பட்ட கணித ஆசிரியை ஒருத்தி பருப்பு அவித்துக்கொண்டிருக்கிறாள். பயிற்சிக்காக அரசாங்கம் அவள்மீது செலவழித்த காசு எங்கே போனது என்று கணக்காய்வில் யாரும் கேட்பதில்லை. முன்னர் சேவையிலிருந்து ராஜினாமாச் செய்த பயிற்றப்பட்ட ஆசிரியர்களை, தட்டுப்பாடுள்ள பாடங்களுக்காவது வயதெல்லை தளர்த்தி ஒப்பந்த அடிப்படையில் எடுக்கலாம். பாராளுமன்றத்தில் எமது பிரதிநிதிகள் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்பார்களா என்பது வேறு விசயம்.

அரசாங்கத்தை இவ்வளவு சொல்லிவிட்டு எமது நிறுவனங்களைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. திரும்பி வரும் பெண்ணுக்கு நடைமுறையில் திறந்திருப்பது எமது ஊர்களிலுள்ள முன்பள்ளிகளும் சர்வதேசப் பாடசாலைகளும்தான். சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவானவை, கல்வி அமைச்சின் கட்டுப்பாட்டுக்குள் இல்லை. நடத்துபவர்கள் எமது வர்த்தகர்கள், சில இடங்களில் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் சமூக சேவை அமைப்புகளும். கட்டணம் தவணைக்குத் தவணை கூடுகிறது. டீச்சருக்கு என்ன கொடுக்கிறார்கள்? நான் கேட்டறிந்த வரை 15,000க்கும் 20,000க்கும் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழி விடுமுறைக்குச் சம்பளம் இல்லை என்பவையும் உண்டு. நாட்டின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் இவ்வருடம் ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும், தொழில்தருநர் மேலும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். இது 1958இலிருந்தும் 1980இலிருந்தும் உள்ள சட்டங்கள். புதினமில்லை.

இதைக் கேட்டால் நிர்வாகிகள் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: “அவங்க சம்பளத்துக்காக வாறல்ல, வீட்ட சும்மா இருக்க ஏலாம வாறாங்க, சமூகத்துக்குச் செய்ற கித்மத்.” கித்மத் என்றால் கட்டணமும் கித்மத்தாக இருக்க வேண்டுமே. திரும்பி வருபவளின் பயத்தை இவர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். பதினான்கு வருடம் வெளியே இருந்தவளுக்குத் தன்மீதே நம்பிக்கை குறைந்திருக்கும். எடுத்தால் போதும் என்று நிற்பாள். தெரிந்தவர்களின் நிறுவனம், வாப்பாவின் சினேகிதர், மச்சானின் ஜமாஅத். நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பாள். மீண்டும் பாருங்கள், கடிதம் இல்லை. அங்கே பத்து வருடம் படிப்பித்தாலும் வெளியே வரும்போது காட்டுவதற்கு ஒன்றுமிருக்காது. முன்பள்ளி ஆசிரியைகளின் நிலை இதைவிட மோசம். மாகாண சபை வழங்கும் சிறிய கொடுப்பனவுடன் பெற்றோர் கொடுப்பதுதான் வருமானம். அந்தப் பெற்றோரும் இரண்டு மாதம் கடன் வைப்பார்கள்.

ஜும்ஆ மிம்பரில் கூலியாளின் வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த உபதேசம் மேசன்மாருக்கு மட்டுமானதல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்தின் கீழ் இயங்கும் முன்பள்ளியும் பாலர் மத்ரஸாவும் முதலில் தமது முஅல்லிமாக்களுக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதி இலக்கமும் கொடுக்கட்டும், மற்றவர்களைப் பிறகு பேசுவோம்.

இனி, குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி. கிழக்கில் எமக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறும் வழக்கம். அந்த வழக்கத்தோடு சேர்ந்த சீதனக் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உம்மாவும் ராத்தாவும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருந்ததால் டீச்சரின் பிள்ளை தொட்டிலிலிருந்து நேரே உம்மம்மாவின் மடிக்குப் போனது. எமது பகுதியில் இவ்வளவு ஆசிரியைகள் உருவாகியதற்கு அந்த உம்மம்மாக்கள் முக்கிய காரணம், அவர்களை எந்தப் பாராட்டு விழாவிலும் மேடைக்கு அழைத்ததில்லை. கணவன் வீட்டுக்குப் போகும் வழக்கமுள்ள மலையகத்திலும் தெற்கிலும் மாமி மனது வைத்தால்தான் மருமகள் வேலைக்குப் போகலாம். இப்போது கிழக்கிலும் நிலைமை மாறிவிட்டது. கலியாணம் தாமதிக்கிறது, உம்மாமாரும் வயதாகி நோயாளிகளாகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டிய உம்மாவையே பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. நாற்பதுகளில் உள்ள பல ஆசிரியைகள் இப்போது இரண்டாவது தடவையாக வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கிறார்கள், இம்முறை பிள்ளைக்காக அல்ல, பெற்றோருக்காக. அண்மையில் என்னுடன் படிப்பிக்கும் ஒருவர் ராஜினாமாக் கடிதத்துடன் வந்தபோது, எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். பிறகு வலய அலுவலகத்தில் விசாரித்துச் சம்பளமற்ற விடுமுறைக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

முதலாவது நியமனம் தூரத்துக்குக் கிடைப்பதும் பலரை ஆரம்பத்திலேயே உதிர்த்துவிடுகிறது. கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறும் எமது பிள்ளைகள் வேறு மாகாணத்துக்குப் போட்டால் போவதில்லை, அல்லது போய்விட்டு கைக்குழந்தையோடு தனியறையில் இருக்க முடியாமல் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறார்கள். அறிவிக்காமல் நின்றால் பதவியை வறிதாக்கியதாகக் கருதுவார்கள். இது ராஜினாமாவைவிடப் பெரிய வில்லங்கம். வர முடியாவிட்டால் அதை எழுத்தில் கொடுங்கள், விடுமுறையைக் கேளுங்கள், இடமாற்றத்துக்கு மேன்முறையீடு செய்யுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் ஒப்பம் வாங்கி வையுங்கள்.

ஏற்கனவே கதவு பூட்டப்பட்டவர்கள் என்ன செய்வது? சில வழிகள் இருக்கின்றன, பெரிய வழிகள் அல்ல. வீட்டில் பத்து வருடம் தைத்தவர், கேக் அடித்து விற்றவர், சிறு பிள்ளைகளைப் பார்த்தவர் புதிதாகப் பாடநெறி படிக்காமலே முன்னனுபவத்தைப் பரீட்சித்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் முறை தொழிற்பயிற்சி நிறுவனங்களில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் வெளிநாட்டிலும் கேட்கப்படுகிறது. பட்டம் முடிக்காமல் விட்டவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே வயது தடையில்லை. வடக்கு, கிழக்கில் தொண்டர் ஆசிரியர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கப்பட்டபோது என்ன கேட்டார்கள் என்று ஞாபகமிருக்கும். பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறதா, வரவுப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான். யுத்த காலத்தில் உண்மையாகவே படிப்பித்துவிட்டு, ஒரு வரி எழுதி வைக்காததால் வெளியே நின்றவர்கள் எத்தனை பேர். ஆகவே தொண்டுக்குப் போனாலும் எழுத்தில் போகட்டும்.

என் தோழி இந்தப் பதினைந்து வருடத்தில் சும்மா இருக்கவில்லை. பின்னேரம் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளின் பெற்றோர் வட்டிலப்பம் கொண்டு வந்து கொடுத்தார்கள். அவளுக்கு அது வேலை என்றே தோன்றவில்லை. சுயவிபரக் கோவை எழுத உட்கார்ந்தபோது 2011க்குப் பிறகு “இல்லை” என்று எழுதியிருந்தாள். நான் அதை வெட்டச் சொன்னேன். எத்தனை வருடம், எந்த வகுப்பு, ஒரு தவணைக்கு ஏறக்குறைய எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுத வைத்தேன். அந்தப் பிள்ளைகள் படித்த பாடசாலையின் அதிபர் ஒரு கடிதம் கொடுத்தார். தயங்காமல் கொடுத்தார், அதைச் சொல்ல வேண்டும்.

புதிய பாடத்திட்டம், திறன்பலகை, வட்ஸ்அப்பில் வீட்டு வேலை என்று எல்லாம் மாறிவிட்டதே என்பது அவளுடைய பயம். மாறித்தான் இருக்கிறது. தரம் ஒன்றின் புதிய முறையை எங்களுக்கே செயலமர்வு வைத்துத்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது, அதிலும் பாதி விளங்கவில்லை. தரம் ஆறின் சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிப் போயிருக்கிறது. இருபது வருடம் சேவையில் இருந்தவர்களும் தரம் ஆறில் அடுத்த வருடம் அவளைப் போலவே புதிதாகத்தான் தொடங்கப் போகிறார்கள். திறன்பலகையை ஒரு வாரத்தில் பழகலாம். நாற்பது பிள்ளைகளை நாற்பது நிமிடம் அமர்த்தி வைத்து ஒரு பின்னத்தை மண்டையில் ஏற்றுவதை ஒரு வாரத்தில் பழக முடியாது, அது அவளிடம் அப்படியே இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை அவளுக்கு ஒரு நேர்முகப் பரீட்சை. பக்கத்து ஊரில் உள்ள சர்வதேசப் பாடசாலை ஒன்று. சம்பளம் எவ்வளவு என்று விளம்பரத்தில் இல்லை, “கவர்ச்சிகரமான கொடுப்பனவு” என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நேற்று மஃரிபுக்குப் பிறகு போன் எடுத்தாள். சம்பளத்தைக் கேள், நியமனக் கடிதத்தைக் கேள், சேமலாப நிதி கட்டுவார்களா என்று கேள், டிசம்பர் சம்பளத்தையும் கேள் என்று வரிசையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“இவ்வளவையும் கேட்டா வேலையத் தருவாங்களா புள்ள?” என்றாள்.